சீட்டில் இல்லாத எண்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை, அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் ரத்தம் எடுத்தவன். 49 வயதில் ஒரு நாள், சும்மா இருக்கட்டுமே என்று என் ரத்தத்தையும் எடுத்து மெஷினில் ஓட்டினேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 148 வந்தது. மறுநாள் திரும்பவும் ஓட்டினேன், 151. அன்றைக்கு நான் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆக, குத்துகிற கையும் தெரியும், குத்து வாங்குகிற விரலும் தெரியும். அந்த அளவுக்குத்தான் எனக்குப் பேச உரிமை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் நடந்தது. காலை ஏழரை மணி. வரிசையில் முதல் ஆளாக ஓர் அம்மா. ஐம்பதைத் தாண்டியிருக்கமாட்டார். நாற்காலியில் உட்காரும்போதே தடுமாறினார். கையில் முந்தின வாரத்துச் சீட்டு. “அண்ணே, 118னு வந்திருக்கு. பக்கத்துல எச்னு கறுப்பா போட்டிருக்கே. ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டேன், இன்னமும் இறங்க மாட்டேங்குது” என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். 118, பக்கத்தில் தடித்த எழுத்தில் எச், அதாவது அதிகம். அதற்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் 70 முதல் 100 வரை. பின்பக்கத்தைத் திருப்பினால், டாக்டர் பேனாவால் எழுதியிருக்கிறார்: “நன்று. இதே உணவு தொடரவும்.”

டாக்டர் நன்று என்கிறார். மெஷின் எச் என்கிறது. அந்த அம்மா மெஷினை நம்பினார். ஏனென்றால் மெஷின் அச்சில் சொன்னது, டாக்டர் கிறுக்கலில் சொன்னார்.

இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு சீட்டுக்கான விளக்கம்தான். அதில் அச்சான 70 முதல் 100 என்பது சர்க்கரை நோய் இல்லாதவர்களின் அளவு. ஆய்வகத்துக் கணினிக்கு வந்திருப்பவர் யார், எத்தனை ஆண்டாக நோய், வயது என்ன, கர்ப்பிணியா, மாத்திரை போடுகிறாரா, ஒன்றும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே அளவுகோலை அச்சடித்துக் கொடுத்துவிடும். உங்களுடைய இலக்கு அந்தச் சீட்டில் எங்குமே இல்லை.

மூன்று கோடுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதல் கோடு, நோய் இல்லாதவருடையது: வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே. இரண்டாவது, நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கோடு: வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200, மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் எச்.பி.ஏ.ஒன்.சி. 6.5 சதவீதம், இவற்றை எட்டினால் நோய். மூன்றாவது, நோயோடு வாழ்பவருக்கான இலக்கு: அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பொதுவாகச் சொல்வது, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே, மூன்று மாதச் சராசரி 7 சதவீதத்துக்குக் கீழே.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 128 என்று ஓர் எண். இரண்டாவது கோட்டின்படி அது நோய். மூன்றாவது கோட்டின்படி அது நல்ல கட்டுப்பாடு. ஒரே எண், இரண்டு தீர்ப்பு. எண் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் வேறு. “உனக்கு நோய் இருக்கிறதா?” என்பது ஒரு கேள்வி. “இருக்கிற நோய் உன் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்காமல் இருக்கிறதா?” என்பது வேறொன்று. அந்த அம்மா இரண்டாவது கேள்வியில் தேறிவிட்டு, முதல் கேள்வியின் விடைத்தாளைப் பார்த்து ஒரு வாரமாகப் பட்டினி கிடந்திருக்கிறார்.

இந்தக் கோடுகளை யார் போட்டார்கள்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மூத்தவர் ஒருவர் சர்க்கரையை அளக்கும் பழைய முறையைச் செய்து காட்டுவார். சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசல் ஐந்து மில்லி. நல்ல நீல நிறம். அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஏகப்பட்டது. வீட்டிலேயே இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. “இன்னைக்கு நீலம்” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வருவார்களாம்.

அந்த நீலத்தின் உள்ளே இருக்கிற ரகசியம் என்ன? ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். 170 இருந்தாலும் குழாய் நீலம்தான், 90 இருந்தாலும் நீலம்தான். அன்றைக்கு எட்டக்கூடிய இலக்கு அவ்வளவுதான். கருவி எவ்வளவு பார்க்குமோ அவ்வளவுதான் இலக்கும் இருந்தது.

கருவி வீட்டுக்குள் வந்த கதையும் சுவையானது. 1969-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோயாளி, ஒரு மீட்டரைப் பற்றி விளம்பரத்தில் பார்த்தார். மூன்று பவுண்டு கனம், விலை 650 டாலர். ஆனால் நோயாளிக்கு விற்கமாட்டார்கள், டாக்டருக்குத்தான். நல்லவேளை, அவர் மனைவி டாக்டர். மனைவி பெயரில் வாங்கினார். தினம் பலமுறை விரலைக் குத்திப் பார்த்து, எந்த உணவு தன்னை எவ்வளவு ஏற்றுகிறது என்று எழுதி வைத்தார். டாக்டர்கள் கேட்கவில்லை என்று 45 வயதில் அவரே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைக்கும் அவருடைய உணவுமுறையை எல்லா நிபுணர்களும் ஏற்றுக்கொள்வதில்லை. நானும் அதைப் பின்பற்றுகிறவன் அல்லன். ஆனால், “சாப்பிட்டேன், பார்த்தேன், எழுதினேன்” என்ற அந்தப் பழக்கம் இருக்கிறதே, அதற்கு இன்று மீட்டர் வைத்திருக்கிற எல்லாருமே அவருக்குக் கடன்பட்டவர்கள்.

நோயைக் கண்டுபிடிக்கும் கோடும் கல்லில் வெட்டியதல்ல. 1979 முதல் வெறும் வயிற்றில் 140 என்று இருந்தது. 1997-இல் 126-க்கு இறக்கினார்கள். 130 இருந்தவர் படுக்கும்போது ஆரோக்கியசாலி, எழுந்திருக்கும்போது நோயாளி! ஏன் இறக்கினார்கள்? கண்ணின் விழித்திரையைப் பார்த்து. எந்த அளவுக்கு மேல் விழித்திரை ரத்தக்குழாய் கெடுவது கூடுகிறது என்று பார்த்துத்தான் கோட்டை நகர்த்தினார்கள்.

7 சதவீதம் என்ற இலக்குக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. முதல் வகை நோயாளிகள் 1,441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வந்தது. சராசரியை 9-லேயே விட்டவர்களைவிட 7-க்கு அருகே வைத்திருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புக் கோளாறுகள் வெகுவாகக் குறைந்தன. நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகைக்கு, பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய ஆய்வு. 5,000-க்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள். முதல் மூன்று மாதம் எல்லாருக்கும் உணவு முறை மட்டும். பிறகு இரண்டு பிரிவு. முடிவு 1998-இல்: ஒரு பிரிவின் சராசரி 7.0, மற்றதன் சராசரி 7.9. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் 7.0 பிரிவில் சிறு ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைவு.

அப்படியென்றால் இன்னும் இறக்கினால் இன்னும் நல்லதுதானே? அதையும் பார்த்தார்கள். 10,251 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், ஒரு பிரிவினரை மருந்துகளால் 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். 2008-இல் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. கடுமையாக இறக்கிய பிரிவில்தான் இறப்பு கூடியிருந்தது. இலக்கு என்பதற்கு மேல் விளிம்பு மட்டுமல்ல, கீழ் விளிம்பும் உண்டு என்று மருத்துவ உலகம் விலை கொடுத்துக் கற்ற பாடம் அது.

சரி, நம் சீட்டுக்கு வருவோம். அதில் மூன்று பரிசோதனைகள் இருக்கும். மூன்றும் ஒன்றையே சொல்கின்றன என்று நினைக்கிறோம். இல்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை உங்கள் ஈரலைப் பற்றிப் பேசுகிறது. ராத்திரி நீங்கள் தூங்கினாலும் மூளை தூங்குவதில்லை. அதற்குத் தீனி வேண்டும். ஈரல் தன் கிடங்கிலிருந்து குளுக்கோஸை எடுத்து விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் சுரக்கும் சில ஹார்மோன்கள் அதை இன்னும் விடச் சொல்லும். நோய் இல்லாதவருக்கு இன்சுலின் போய்ப் “போதும்” என்று சொல்லி நிறுத்தும். நம் ஈரலுக்கு அந்தச் சொல் சரியாகக் காதில் விழுவதில்லை. அதனால்தான் ராத்திரி பட்டினி கிடந்தும் அந்த அம்மாவுக்குக் காலையில் இறங்கவில்லை. வெறும் வயிற்று எண்ணை இறக்குவது ஒரு வேளைப் பட்டினி அல்ல. எடை குறைவது, நடை, நல்ல தூக்கம், வேண்டியிருந்தால் மாத்திரை. அது மெதுவாகத்தான் இறங்கும்.

சாப்பிட்ட பிறகு பார்க்கும் எண் உங்கள் தட்டைப் பற்றிப் பேசுகிறது. சாப்பாட்டு முறையால் கட்டுப்படுத்த நினைப்பவருக்கு இதுதான் உற்ற தோழன். இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும்.

மூன்று மாதச் சராசரி, சிவப்பணுக்களைப் பற்றியது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அவ்வளவு நாளும் அது சர்க்கரைத் தண்ணீரில் நீந்துகிறது. அதிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்தச் சதவீதம். 7 என்றால் ஏறத்தாழ 154 சராசரி. 8 என்றால் 183. 9 என்றால் 212. ஒரு வாத்தியார் எங்களிடம் வருவார். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து கஞ்சி மட்டும். வெறும் வயிற்றில் 104 வரும். சீட்டை எல்லாரிடமும் காட்டுவார். ஒரு தடவை டாக்டர் மூன்று மாதச் சராசரியும் எழுதிவிட்டார். 9.1 வந்தது. “சார், பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிற பையனை நீங்க விடுவீங்களா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அடுத்த மூன்று மாதத்தில் 7.8-க்கு வந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் சராசரியும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மாதம் முழுக்கக் காய்ந்து ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும் சராசரி மழையளவு சரியாகத்தான் இருக்கும். பயிர் என்ன ஆயிற்று என்று விவசாயியைக் கேளுங்கள். தவிர, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிட உயர்த்திக் காட்டலாம். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ குறைத்துக் காட்டலாம். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சகஜம் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டு மீட்டரும் சராசரியும் ஒத்துப்போகவில்லை என்றால், ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

இனி என் நோட்டுப் புத்தகம். இதோ, நாற்பது பக்க நோட்டு, பள்ளிக்கூடப் பையன்களுடையது. எனக்கு டாக்டர் சொன்னது: “மூன்று மாதம் சாப்பாடும் நடையும். பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசுவோம்.” எந்தச் சாப்பாடு? அங்கேதான் ஜோடி வைத்துப் பார்க்கும் முறை. சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. கை கழுவியதிலிருந்து அல்ல, முதல் வாயிலிருந்து. இரண்டுக்கும் இடையே உள்ள ஏற்றம்தான் அந்தத் தட்டின் மதிப்பெண்.

முதல் பக்கம். ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி. முன்னால் 112, பின்னால் 221. ஏற்றம் 109. எனக்கு நம்பவே முடியவில்லை. ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பது! ஆனால் இட்லியில் முக்கால்வாசி அரிசி மாவு. அதைப் புளிக்க வைத்து, பஞ்சு போல வேக வைத்து, ரத்தத்துக்குப் போகும் வழியைச் சுலபமாக்கி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் மூன்று இட்லி, கிண்ணம் நிறையக் காய் போட்ட கெட்டிச் சாம்பார், ஓர் அவித்த முட்டை. முன்னால் 109, பின்னால் 163. ஏற்றம் 54. இட்லியை நான் விடவில்லை. இட்லிக்குத் துணை சேர்த்தேன், எண்ணிக்கையைக் குறைத்தேன். வயிறும் காயவில்லை.

மூன்றாம் பக்கம், கேழ்வரகுக் கூழ். சர்க்கரைக்காரனுக்குக் கேழ்வரகு என்பது நம் ஊரில் வேதவாக்கு. நைசாக அரைத்த மாவு, கரைத்துக் காய்ச்சி, இரண்டு பெரிய டம்ளர். பின்னால் 205. தானியத்தின் பெயர் மட்டும் காப்பாற்றாது. அதை எவ்வளவு அரைத்தோம், எவ்வளவு குழைத்தோம், எவ்வளவு குடித்தோம் என்பதும் சேர்ந்துதான் கணக்கு. வெண்பொங்கல் இன்னும் தந்திரம். இரண்டு மணி நேரத்தில் 158, ஆஹா என்றிருந்தது. சந்தேகப்பட்டு மூன்றரை மணி நேரத்தில் பார்த்தால் 190. நெய், மாவுச்சத்தை மெதுவாக அனுப்புகிறது, அனுப்பாமல் இருப்பதில்லை. கருப்பட்டிக் காப்பியைப் பற்றிக் கேட்காதீர்கள். நாக்குக்குத்தான் அது வேறு. மீட்டருக்கு அதுவும் சர்க்கரைதான்.

என் எண்கள் உங்களுக்குப் பொருந்தாது. என் மனைவிக்கு ஐந்து இட்லியும் 130-ஐத் தாண்டாது. அவருக்கு நோய் இல்லை. ஆனால் பொதுவாகச் சிலது தெரிந்திருக்கிறது. சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே ஆட்களுக்கு ஐந்து நாள் வெள்ளை அரிசியும் ஐந்து நாள் தவிடு நீக்காத அரிசியும் கொடுத்து உடலில் ஒட்டிய சென்சாரால் பார்த்தார்கள். சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்று நியூயார்க்கில் ஒரு சிறு ஆய்வு காட்டியது. நம் இலையில் கூட்டும் பொரியலும் முதலில் பரிமாறப்படும். நாம்தான் சாம்பார் வரும்வரை அவற்றைத் தொடாமல் காத்திருக்கிறோம். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தாலும் பலன் உண்டு. இந்தியர்கள் சாப்பிடும் ஆற்றலில் 60 சதவீதத்துக்கும் மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. சோற்றில் ஒரு கரண்டியைப் பருப்புக்கும் காய்க்கும் மாற்றிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

மீட்டரை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பலாம், ஆனால் அதை நகைக்கடைத் தராசாக நினைக்கக் கூடாது. சர்வதேசத் தரத்தின்படி, 100-க்கு மேல் போனால் உண்மையான அளவிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்ட அதற்கு அனுமதி உண்டு. என் 163, உண்மையில் 142 ஆகவும் இருக்கலாம், 191 ஆகவும் இருக்கலாம். ஆகவே நேற்று 163, இன்று 171 என்று மனசைப் போட்டு உழப்பாதீர்கள். 221-க்கும் 163-க்கும் உள்ள வித்தியாசம் செய்தி. 163-க்கும் 171-க்கும் உள்ளது சந்தைக் கூச்சல்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா பதறிக்கொண்டு வந்தார். வீட்டு மீட்டரில் 312. முகம் தெளிவாக இருக்கிறது, தாகம் இல்லை, ஒன்றுமில்லை. கையைப் பிடித்தால் விரலெல்லாம் பிசுபிசுப்பு. பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு அதே கையில் குத்தியிருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி பார்த்தோம். 141. மாம்பழத்துக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லி அனுப்பினேன். (சிரிப்பு)

ஆய்வகத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரைக்கு எடுக்கும் ரத்தத்தைச் சாம்பல் நிற மூடிக் குழாயில் விடுவோம். அதில் ஃப்ளூரைடு இருக்கும். ஏன்? குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் வைத்தால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு எண்களை ஒப்பிடும்போதும் ஜாக்கிரதை. மலேசியாவிலிருந்து மகள், “அப்பா, எனக்குக் காலையில் 7.2” என்கிறாள், இங்கே அப்பா அதை மூன்று மாதச் சராசரி என்று நினைத்துக்கொள்கிறார். அங்கே அலகு வேறு. 18-ஆல் பெருக்க வேண்டும். 7.2 என்றால் நம் கணக்கில் 130.

இப்போது, யாருக்கு எந்த இலக்கு? என் அண்டை வீட்டில் 78 வயதுப் பாட்டி. மகன் ரொம்பப் பாசக்காரர், ரொம்பக் கண்டிப்பு. அம்மாவுக்கு எப்போதும் 100-க்குள் இருக்க வேண்டும் என்று சோற்றை அளந்து அளந்து வைப்பார். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒரு விடியற்காலை பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் 48. நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், எழுந்து உட்கார்ந்தார். எலும்பு உடையவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். ஆஸ்பத்திரியில் டாக்டர் மகனிடம் சொன்னார்: “உங்கள் இலக்கை உங்கள் அம்மா மேல் வைக்காதீர்கள்.” வயதானவர்களுக்கு, வேறு நோய்களும் இருப்பவர்களுக்கு, மூன்று மாதச் சராசரி 8-க்குள் இருந்தால் போதும் என்று தளர்த்துவது உண்டு. அது அலட்சியம் அல்ல, கணக்கு. ஏறின சர்க்கரை பல ஆண்டுகளில் கெடுக்கும். இறங்கின சர்க்கரை பத்து நிமிடத்தில் தள்ளிவிடும்.

70-க்குக் கீழே போனால் அது குறைவு. 54-க்குக் கீழே அபாயம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கலக்கி. பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். ஏறினால் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சாப்பாட்டால் மட்டும் கட்டுப்படுத்துகிறவருக்கு இது பெரும்பாலும் வராது. இன்சுலின் போடுகிறவருக்கும், இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை போடுகிறவருக்கும் வரும். அவர்கள் சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருக்க நினைத்தாலும், சோற்றைப் பாதியாகக் குறைக்க நினைத்தாலும், முதலில் மருந்தளவை டாக்டரிடம் பேசிவிட வேண்டும். தட்டு மாறினால் மாத்திரையும் மாற வேண்டியிருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு நேர் எதிர். அவர்கள் இலக்கு இறுக்கமானது. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. பாட்டிக்குப் பாராட்டு வாங்கித் தரும் எண், பேத்திக்கு எச்சரிக்கை. கர்ப்பகாலச் சர்க்கரையை நம் நாட்டில் எளிதாகக் கண்டுபிடிக்கும் ஒற்றைப் பரிசோதனை முறைக்குச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா பாடுபட்டார். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், 140. தூரத்துக் கிராமத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வர முடியாத பெண்களை மனதில் வைத்த முறை அது.

கடைசியாக, எல்லாரும் கேட்பது: “சாப்பாட்டாலேயே முழுசாகப் போய்விடுமா?” சிலருக்கு, நோய் வந்த முதல் சில ஆண்டுகளில், எடை நன்றாகக் குறைந்தால், மருந்து இல்லாமலே மூன்று மாதச் சராசரி 6.5-க்குக் கீழே நிற்கிறது. பிரிட்டனில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர் கண்காணிப்பில் மிகக் குறைந்த கலோரி உணவு எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் அந்த நிலைக்கு வந்தார்கள். 15 கிலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆயிற்று. டாக்டர்கள் அதைக் குணம் என்று சொல்வதில்லை; தணிவு என்கிறார்கள். தணிந்த அடுப்பில் கங்கு இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளறிப் பார்க்கத்தான் வேண்டும்.

என் கதை அந்த அளவுக்குப் பெருமை இல்லை. முதல் மூன்று மாதத்தில் சராசரி 7.6-லிருந்து 6.7. ஒன்பது ஆண்டுகள் சாப்பாடும் நடையும் மட்டும். பிறகு அதே மூன்று இட்லிக்கு ஏற்றம் கூடத் தொடங்கியது, சராசரி 7.4. கணையம் மெல்ல மெல்லத் தளர்வது இந்த நோயின் சுபாவம். டாக்டர் மாத்திரை எழுதினார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, தோற்றுவிட்டதாக நினைத்தேன். காலையில் நோட்டைப் புரட்டினேன். அந்த ஒன்பது ஆண்டுகளில் என் கண் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் சுத்தமாக இருந்தன. சாப்பாட்டுக்குக் கொடுத்த இலக்கு மாத்திரையைத் தள்ளி வைப்பது அல்ல. கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுவது. அது காப்பாற்றியது. இப்போது அதற்கு ஒரு கூட்டாளி வந்திருக்கிறது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, “நல்லா இருக்கா டாக்டர்?” என்று கேட்காதீர்கள். “எனக்கு வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு? எதற்குக் கீழே போகக் கூடாது?” என்று நான்கு எண்களைக் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே கேள்வியைத் திரும்பவும் கேளுங்கள். வயது ஏறும், எண்ணும் மாறும். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு நான் செய்தது அதுதான். டாக்டர் அறைக்கு அழைத்துப்போய், சீட்டில் எச் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே “உங்களுக்கு 130 வரை” என்று எழுதி வாங்கிக் கொடுத்தேன். வெளியே வந்தவர் நேராகக் கேன்டீனுக்குப் போனார்.

இன்று காலை எனக்கு 124. ஆய்வகத்தில் பார்த்திருந்தால் பக்கத்தில் தடித்த எழுத்தில் எச் போட்டிருப்பார்கள். நான் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, நடந்தே இங்கு வந்தேன்.